ஆணவம், அச்சம், நோய், மூப்பு, தீமை: சைவ சித்தாந்த நோக்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோயுற்றவர்கள், வீட்டில் முதியோரைப் பேணுகிறவர்கள், சித்தாந்த வகுப்புகளுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஆகியோர் எழுப்பும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. துன்பத்துக்கு யார் காரணம், எதைக் கண்டு அஞ்ச வேண்டும், யாரைக் குற்றம் சொல்ல வேண்டும் என்பதே அந்த இடம். சைவப் பாடல் தொகுப்புகளாகிய திருமுறைகளையும், சித்தாந்தத்தை விளக்கும் மெய்கண்ட சாத்திரங்களையும் அடிப்படையாகக் கொண்டும், மருத்துவ அறிவு தெளிவாகச் சொல்லும் செய்திகளை விலக்காமலும் இங்கே விடைகள் தரப்படுகின்றன.

ஆணவம் என்றால் திமிர் என்றுதானே பொருள்?

பேச்சு வழக்கில் அப்படித்தான் வழங்குகிறோம். சித்தாந்தம் அந்தச் சொல்லை அதைவிட ஆழமான ஒன்றுக்குப் பயன்படுத்துகிறது. உயிரைப் பிணிக்கும் அழுக்குகளை மலம் என்பர். ஆணவம், கன்மம் (வினை), மாயை (உடலும் உலகும் தோன்றும் மூலப்பொருள்) என்னும் மூன்று மலங்களில் ஆணவமே மூல மலம். உயிர் எப்போது உண்டோ அப்போதே அதனோடு உள்ளது. உயிரின் அறிவை மறைப்பது அதன் தொழில். திமிர் பிடித்தவனிடம் மட்டும் அது இருக்கிறது என்பது தவறு. தன்னை ஒன்றுக்கும் உதவாதவன் என்று எண்ணிக் குமைகிறவனிடமும் அது இருக்கிறது, ஏனெனில் அவனுடைய நினைப்பும் தன்னைச் சுற்றியே சுழல்கிறது. உமாபதி சிவம் திருவருட்பயனில், "ஒருபொருளும் காட்டாது இருள்உருவம் காட்டும், இருபொருளும் காட்டாது இது" என்கிறார். புற இருள் மற்றப் பொருள்களை மறைத்தாலும், இங்கே இருள் இருக்கிறது என்பதையாவது நமக்குக் காட்டும். ஆணவ இருளோ மற்றவற்றையும் காட்டாது, தன்னையும் காட்டாது.

மரபில் ஒரு வரலாறு சொல்லப்படுகிறது. சகலாகம பண்டிதர், அதாவது ஆகமங்கள் எல்லாம் கற்றவர், என்று புகழ்பெற்றிருந்த அருணந்தி, திருவெண்ணெய்நல்லூரில் சிறு பிள்ளையாக இருந்த மெய்கண்டாரிடம் சென்று, ஆணவத்தின் வடிவம் யாது என்று வினவினார். பிள்ளை வாய் திறக்காமல் அருணந்தியையே விரலால் சுட்டிக் காட்டினார். அந்தக் கணமே அப்பெரியவர் அவருக்கு மாணவரானார். தீமையின் வடிவத்தை வெளியே தேடி வந்தவருக்குக் கிடைத்த விடை அது. இப்பக்கத்தின் மற்ற விடைகள் எல்லாம் அந்த விரலின் திசையிலேயே செல்கின்றன.

அப்படியானால் 'நான்' என்ற உணர்வே இருக்கக் கூடாதா?

இருக்க வேண்டும். சித்தாந்தம் ஆணவ மலத்தையும் அகங்காரத்தையும் வேறுபடுத்துகிறது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் மாயையிலிருந்து தோன்றியவை. உயிர் தொழிற்படுவதற்காகக் கொடுக்கப்பட்ட கருவிகள். வேளை தவறாமல் மாத்திரை விழுங்குவதற்கும், வலிக்கிறது என்று சொல்வதற்கும், வேண்டாத ஒன்றை மறுப்பதற்கும் 'நான்' என்ற உணர்வு தேவை. நோயாளி ஒருவர் தம் உடல்நலத்தைப் பற்றிக் கேள்வி கேட்டால் அதை ஆணவம் என்று அடக்குகிறவர்கள் கருவியையும் மலத்தையும் குழப்பிக் கொள்கிறார்கள்.

பயப்படுவது குற்றமா?

இல்லை. "அஞ்சுவது அஞ்சாமை பேதைமை" என்பது வள்ளுவர் வாக்கு. ஆபத்து எதிர்ப்படும்போது இதயத் துடிப்பு விரைவதும், அட்ரினலின், கார்ட்டிசால் ஆகிய சுரப்புகள் பெருகுவதும் உயிரைக் காப்பதற்காகவே. இந்த அச்சத்தைச் சைவம் பழிக்கவில்லை. 'நான் கட்டி வைத்தது கலைந்துவிடுமோ' என்று, எதிரே எதுவும் இல்லாதபோதும் ஓயாமல் எரிந்துகொண்டிருக்கும் அச்சம் வேறு வகை. யான், எனது என்று பற்றியவை எத்தனையோ அத்தனை அச்சங்கள் அதற்கு உண்டு. மாணிக்கவாசகர் தில்லையில் பாடிய அச்சப்பத்தில் புற்றில் வாழும் பாம்புக்கு அஞ்சேன் என்று தொடங்குகிறார். "பிணியெலாம் வரினும் அஞ்சேன் பிறப்பினோடு இறப்பும் அஞ்சேன்" என்றும் சொல்கிறார். ஆயினும் தாம் எதற்குமே அஞ்சாதவர் என்று அவர் கூறவில்லை. அன்பில்லாதவர், நெஞ்சம் நெகிழாதவர் போன்றோரைக் கண்டால் அஞ்சுவதாகவே அப்பாடல்கள் முடிகின்றன. அச்சத்தை ஒழித்துவிடாமல், அதை உரிய இடத்துக்கு அவர் நகர்த்தியிருக்கிறார் என்பது என் புரிதல்.

ஆணவத்தாலும் அச்சத்தாலும் உடலில் நோய் உண்டாகுமா?

இதற்குக் கவனத்தோடு விடை சொல்ல வேண்டும். நீடித்த மன அழுத்தம் இரத்த அழுத்தம், உறக்கம், செரிமானம் ஆகியவற்றைப் பாதிக்கும் என்பதில் ஐயமில்லை. கடும் அதிர்ச்சியாலோ துயரத்தாலோ இதயத்தின் இடக் கீழறை திடீரென்று தளர்ந்துவிடும் டாகோட்சுபோ என்ற நிலையை ஜப்பானிய மருத்துவர்கள் 1990ஐ ஒட்டி விளக்கினார்கள். இந்த அளவுக்கு மனமும் உடலும் தொடர்புடையவை.

இதிலிருந்து "எல்லா நோயும் மனத்தால் வருவதே" என்று தாவுவது பெரும் பிழை. இரைப்பைப் புண்ணின் வரலாறு அதற்குச் சான்று. கவலை மிகுந்தவர்களுக்கும் பதற்றக்காரர்களுக்கும் அது வருகிறது என்று பல பத்தாண்டுகளாக மருத்துவ உலகமே நம்பியிருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1980களின் தொடக்கத்தில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவை அடையாளம் கண்டார்கள். மார்ஷல் 1984இல் அதைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு உள்ளானார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று பெரும்பாலான இரைப்பைப் புண்கள் அந்தக் கிருமியாலோ சில வகை வலி மாத்திரைகளாலோ வருகின்றன என்று அறிகிறோம். கிருமியால் வந்தவை எதிருயிரி மருந்துகளால் ஆறுகின்றன. அதற்கு முன்பு எத்தனை பேர், வயிற்று வலியோடு 'உன் குணத்தால் வந்தது' என்ற பழியையும் சேர்த்துச் சுமந்திருப்பார்கள் என்று எண்ணும்போது எனக்கு வருத்தம் மேலிடுகிறது.

நோய் வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் ஆணவமும் அச்சமும் தம் முழு வலிமையைக் காட்டுகின்றன. மார்பில் கட்டி இருப்பதை மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் இருப்பது, சர்க்கரை அளவு தெரிந்துவிடுமே என்று பரிசோதனையைத் தள்ளிப் போடுவது, 'எனக்கா, என் உடம்புக்கா' என்று மருத்துவரின் சொல்லை ஏற்க மறுப்பது ஆகிய எல்லாவற்றிலும் அவை இரண்டும் கைகோத்து நிற்கின்றன.

எனக்கு வந்த நோய் என் முன்வினைப் பயனா?

சித்தாந்தம் வினைக் கொள்கையை ஏற்கிறது; அதை மறைப்பதற்கில்லை. சஞ்சிதம் (சேர்ந்து கிடக்கும் பழவினை), பிராரத்தம் (இப்பிறவியில் நுகரும் வினை), ஆகாமியம் (இப்போது புதிதாகச் செய்யும் வினை) என்று வினையை வகுத்து, இன்ப துன்பங்கள் பிராரத்தத்தின் வழி வருகின்றன என்று அது கூறும். ஆனால் அதே சித்தாந்தம் வினை அறிவற்ற சடம் என்றும், அதைக் கூட்டுவிக்கும் அறிவு இறைவனுக்கு மட்டுமே உண்டு என்றும் கூறுகிறது. ஆகவே, பக்கத்து வீட்டுக் குழந்தையின் நோயைப் பார்த்து "பெற்றோர் செய்த வினை" என்று தீர்ப்புச் சொல்கிறவர் இறைவனுடைய இடத்தில் ஏறி அமர்கிறார். ஆணவத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அவருடைய அச்சமும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. அவர்கள் ஏதோ செய்தார்கள், அதனால் அவர்களுக்கு வந்தது, நான் செய்யவில்லை, எனக்கு வராது என்று தம்மைத் தேற்றிக்கொள்வதற்காகவே அவர் அந்தக் காரணத்தைத் தேடுகிறார்.

இந்தப் போக்கைத் திருஞானசம்பந்தர் நேரடியாகவே கண்டித்திருக்கிறார். கொங்கு நாட்டில் கொடிமாடச் செங்குன்றூரில், அதாவது இன்றைய திருச்செங்கோட்டில், அவருடன் இருந்த அடியார்களைக் குளிர்க்காய்ச்சல் பற்றியது. அது அந்நாட்டின் பருவத்தில் வரும் இயல்பான நோய் என்று அடியார்கள் சொன்னதாகப் பெரிய புராணம் கூறும். அப்போது பாடிய திருநீலகண்டப் பதிகம் இவ்வாறு தொடங்குகிறது:

"அவ்வினைக்கு இவ்வினை ஆம்என்று சொல்லும் அஃதறிவீர்
உய்வினை நாடாது இருப்பதும் உந்தமக்கு ஊனம்அன்றே"

அந்தச் செயலுக்கு இந்தப் பயன் என்று பேசத் தெரிந்த நீங்கள், அதிலிருந்து உய்யும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறையல்லவா என்று கேட்கிறார். வினை உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை; அதைக் காரணம் காட்டிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத்தான் ஊனம் என்கிறார். உய்யும் வழி என்று அவர் காட்டியது இறைவழிபாடு. அதே நெஞ்சுறுதியோடு இன்றைக்கு மருத்துவமனைக்குச் செல்வதும் உய்வினை நாடுவதே என்று நான் கருதுகிறேன். நோயுற்றவரிடம் வினையைப் பற்றி விரிவுரை ஆற்ற வருகிறவர்களுக்கு இந்த இரண்டு அடிகளைச் சொல்லிக் காட்டினாலே போதும்.

திருநாவுக்கரசருக்கு வந்த சூலை நோய் (கடும் வயிற்று வலி) தண்டனைதானே?

பெரிய புராணம் பாடிய சேக்கிழார் அதை இறைவன் அவரை ஆட்கொண்ட வழியாகப் பாடுகிறார். பாடலைப் பாடியவரின் குரலையும் நாம் கேட்க வேண்டும். "கூற்றாயினவாறு விலக்ககிலீர்" என்று தொடங்கும் திருவதிகைப் பதிகத்தில், வலி வயிற்றின் உள்ளே குடலோடு சேர்த்துக் கட்டி முடக்குகிறது, என்னால் தாங்க முடியவில்லை என்று உடலின் துன்பத்தை உள்ளபடி சொல்கிறார். "கொடுமைபல செய்தன நான்அறியேன்" என்ற தொடருக்கு, கொடுமை செய்ததாக எனக்கு நினைவில்லை என்றும், அறியாமல் பல செய்துவிட்டேன் என்றும் இரு வகையாகப் பொருள் கொள்ள இடமுண்டு. இரண்டில் எதைக் கொண்டாலும், நோயாளி தன் இறைவனை நேருக்கு நேர் நின்று கேட்கும் உரிமை அதில் இருக்கிறது.

அவர் நலம் பெற்ற வழியில் நான் மிகுதியும் மதிப்பது, உதவி கேட்க அவர் துணிந்ததைத்தான். சமண சமயத்தில் தருமசேனர் என்ற பெயரோடு தலைமை நிலையில் இருந்தவர், தாம் விட்டுச் சென்ற தமக்கையார் திலகவதியாரிடம் இரவோடு இரவாகத் திரும்பி வருகிறார். பதவியும் பெயரும் உள்ளவருக்கு அது எளிதன்று.

தொழுநோய் போன்றவை பாவத்தின் அடையாளம் என்று முன்னோர் நம்பினார்கள் அல்லவா?

நம்பினார்கள், பலர் இன்றும் நம்புகிறார்கள். நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இல் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். வேலூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், விரல்கள் தேய்வதற்கு உணர்விழப்பினால் ஏற்படும் காயங்களே பெரிதும் காரணம் என்று விளக்கி, மடங்கிய கைகளைச் சீர்செய்யும் அறுவை முறைகளை வளர்த்தார். உலக சுகாதார நிறுவனம் 1981இல் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்த பிறகு அது முற்றிலும் குணமாகும் நோயாகிவிட்டது. அச்சம் மட்டும் அவ்வளவு விரைவில் குணமாகவில்லை. நோயாளிகளைப் பிரித்து அடைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் 2016இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காட்டி மணவிலக்குக் கோரலாம் என்ற விதி 2019 வரை நீடித்தது.

"அங்கமெலாம் குறைந்தழுகு தொழுநோயராய்" இருப்பவரும் சிவனுக்கு அன்பராயின் "அவர்கண்டீர் நாம்வணங்கும் கடவுளாரே" என்று நாவுக்கரசர் பாடியதை இந்தப் பின்னணியில் வைத்துப் படிக்க வேண்டும். நோய் அழித்த உடலைப் பாவத்தின் சின்னமாகப் பார்த்த உலகத்தின் முன்னே அவர் கைகூப்பி நின்றார்.

முதுமையைக் கண்டு ஏன் இவ்வளவு அஞ்சுகிறோம்?

உடலையே 'நான்' என்று கொண்டால், உடல் தளரும்போது நான் அழிகிறேன் என்றுதான் தோன்றும். நரையை மறைப்பதும் வயதைக் குறைத்துச் சொல்வதும் சிறிய செய்திகள். முதியவர்களைப் பார்க்கவே பிடிக்காமல் போவதுதான் கவலைக்குரியது; நாளைய நம் உருவத்தை அவர்களிடம் கண்டு அஞ்சி, அந்த அச்சத்தை வெறுப்பாக அவர்கள் மீது கொட்டுகிறோம்.

சுந்தரர் வரலாற்றில் இது அழகாக வருகிறது. மணக்கோலத்தில் இருந்த இளைஞர், வழக்குரைக்க வந்த முதிய அந்தணரைப் பித்தன் என்று இகழ்ந்தார். பின்னர்த் திருவதிகையை அடுத்த சித்தவட மடத்தில் இரவு உறங்கும்போது ஒரு முதியவரின் கால் அவர் தலைமேல் படுகிறது. ஏன் இப்படி என்று கேட்டால், திசை தெரியாமல் போனதற்குத் தம் மூப்பே காரணம் என்று முதியவர் சொல்கிறார். சுந்தரர் தலையை வேறு பக்கம் மாற்றி வைத்துப் படுத்தாலும் கால் மீண்டும் அங்கே வருகிறது. 'என்னை நீ அறியவில்லையோ' என்று கேட்டுவிட்டு முதியவர் மறைந்த பிறகுதான், வந்தவர் இறைவனே என்று சுந்தரருக்குப் புரிகிறது. நம் வீடுகளில் தடுமாறி நடக்கும், கேட்டதையே திரும்பக் கேட்கும் பெரியவர்கள் மீது எரிச்சல் வரும்போதெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டிய பகுதி இது.

உடலைச் சித்தாந்தம் பகையாகக் கருதவில்லை. உமாபதி சிவம் மாயையின் காரியமாகிய உடலை, பொழுது விடியும் வரை ஏற்றி வைத்த விளக்கு என்கிறார். "உடம்பை வளர்த்தேன் உயிர்வளர்த் தேனே" என்பது திருமூலர் வாக்கு. விளக்குக்கு எண்ணெய் குறைவதை விளக்கின் குற்றமாகச் சொல்ல மாட்டோம்.

முதுமை பற்றிய எண்ணம் உடல்நலத்தையும் மாற்றுமா?

மாற்றக்கூடும். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 50 வயதைக் கடந்த 660 பேரைத் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியான ஓர் ஆய்வில், தம் முதுமையை நல்லவிதமாகக் கண்டவர்கள் அவ்வாறு காணாதவர்களைவிடச் சராசரியாக ஏழரை ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று தெரியவந்தது. இதை, மகிழ்ச்சியாக இல்லாததால்தான் பாட்டி சீக்கிரம் போய்விட்டார் என்று புதிய பழியாக ஆக்கிவிடக் கூடாது.

காரைக்காலம்மையார் ஏன் பேயுருவை வேண்டிப் பெற்றார்?

கணவன் தம்மைத் தெய்வமென்று வணங்கி விலகிய பிறகு, அவனுக்காகச் சுமந்த அழகு தமக்கு வேண்டாம் என்று வேண்டினார் என்பது சேக்கிழார் தரும் காரணம். அதன்பின் அவரைக் கண்டவர்கள் அஞ்சி ஓடினார்கள். அண்டர் நாயகன் என்னை அறிந்தால் போதும், எண்திசை மாக்களுக்கு நான் எவ்வுருவாய் இருந்தால் என்ன என்று அம்மையார் கேட்டார். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த வயிறு என்று பேயின் தோற்றத்தைத் தயக்கமின்றிப் பாடுகிறார். உலகம் முதுமையென்றும் பேயென்றும் வெருளும் அத்தனை அடையாளங்களும் அதில் உள்ளன. அந்த உருவத்தைத்தான் இறைவன் "அம்மையே" என்று அழைத்தார். உலகம் எதைக் கண்டு வெருண்டு 'தீயது' என்று பெயரிடுகிறதோ அது தீயதாக இருக்கவேண்டும் என்பதில்லை. இதை நம் மரபில் இவ்வளவு வலுவாகச் சொன்ன இன்னொரு வாழ்க்கை இல்லை என்பேன்.

சைவத்தில் சாத்தான் போன்ற ஒரு தீய சக்தி உண்டா?

இறைவனுக்கு எதிராக நிற்கும் தனித் தீய சக்தி எதுவும் இல்லை. ஆடவல்லானாகிய நடராசரின் திருவடியின் கீழே முயலகன் என்னும் குறள் வடிவ அசுரன் கிடக்கிறான். அவன் ஆணவ இருளின் குறியீடு என்பர். அவன் கொல்லப்படவில்லை, அடக்கப்பட்டிருக்கிறான். முத்தி நிலையிலும் ஆணவம் அழிந்து போவதில்லை, அதன் மறைக்கும் ஆற்றல் மட்டுமே ஒடுங்குகிறது என்ற கொள்கையோடு இது பொருந்துகிறது. கந்தபுராணத்துச் சூரபன்மனை ஆணவத்துக்கும், சிங்கமுகனைக் கன்மத்துக்கும், தாரகனை மாயைக்கும் ஒப்பிடுவது வழக்கம். மாமரமாய் நின்று பிளக்கப்பட்ட சூரன் மயிலும் சேவலுமாகி முருகனோடே இருக்கிறான். கயிலையைப் பெயர்த்த இராவணனும் விரல் நுனியில் நசுங்கி, பாடி, வாளும் நாளும் பெற்றுத் திரும்பினான்.

அப்படியென்றால் பேய் பிடித்தல், வலிப்பு, மனநோய் எல்லாம்?

முயலகன் என்பது ஒரு நோயின் பெயரும்கூட. கொல்லி மழவன் என்னும் சிற்றரசனின் மகளுக்கு அந்நோய் வந்து திருப்பாச்சிலாச்சிராமத்துக் கோயிலில் கிடத்தியிருந்தார்கள். அது ஒருவகை வலிப்பு என்பர். சம்பந்தர் அப்பெண்ணிடம் எந்தக் குற்றமும் காணவில்லை. "மங்கையை வாட மயல்செய்வதோ இவர் மாண்பே" என்று இறைவனையே வினவினார். அவளை அடிக்கவில்லை, கட்டவில்லை, அவளுக்குள் இருக்கும் எதையும் மிரட்டவில்லை.

வலிப்பு மூளையின் மின்செயலில் ஏற்படும் கோளாறு. மனச்சிதைவுக்கும் மனச்சோர்வுக்கும் மருந்துண்டு. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த கொட்டகையில் தீப்பற்றியபோது, ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். நோயைத் தீய சக்தி என்று அஞ்சும்போது, கட்டிப் போடப்படுவது நோய் அன்று, மனிதர். எந்தச் சமயத்தின் பெயராலும் அது இனி நடக்கக் கூடாது. வீட்டில் ஒருவருக்கு இத்தகைய குறிகள் தெரிந்தால் வழிபாடு ஒருபுறம் இருக்கட்டும். மனநல மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ அழைத்துச் செல்வதைத் தள்ளிப் போடாதீர்கள்.

தீமை உள்ளே இருக்கிறது என்று சொல்லும் சைவம், சமணரைத் தீயவராகச் சித்திரித்ததே?

சித்திரித்தது. சம்பந்தர் பதிகங்களில் பெரும்பாலும் பத்தாம் பாடல் சமண பௌத்தரைப் பழிக்கிறது. மதுரையில் எண்ணாயிரவர் கழுவேறியதைப் பெரிய புராணம் பாடுகிறது. அந்நிகழ்ச்சி நடந்ததற்குச் சமகாலச் சான்று இல்லை என்பதை வரலாற்றறிஞர் பலர் சுட்டிக் காட்டியிருக்கிறார்கள். நடக்கவில்லை என்றே கொண்டாலும், அதைப் பெருமையோடு நினைவுகூரும் மனநிலை உண்மையாக இருந்தது. தன் சமயம் தோற்றுவிடுமோ என்ற அச்சமும், தன் சமயமே வெல்ல வேண்டும் என்ற முனைப்பும் சேர்ந்தால் அருளாளர்களைக் கொண்டாடும் கூட்டமும் எதிரியிடம் தீமையைக் காணத் தொடங்கிவிடுகிறது. சைவராகப் பிறந்து வளர்ந்த எனக்கு இதை எழுதுவது எளிதாக இல்லை. ஆனால் மெய்கண்டாரின் விரல் தனி மனிதரை மட்டும் சுட்டியது என்று நான் நினைக்கவில்லை. அது சமயங்களையும் சுட்டும்.

இவற்றையெல்லாம் புரிந்துகொண்டால் மரண பயம் போய்விடுமா?

புரிந்துகொள்வதால் மட்டும் போவதில்லை. "நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்" என்று பாடிய நாவுக்கரசர், நெடிய வாழ்நாளெல்லாம் உழவாரப் படை என்னும் புல் செதுக்கும் கருவியை ஏந்திக் கோயில் முற்றங்களைச் செதுக்கியவர். புரிதலோடு அத்தகைய தொண்டும் சேர வேண்டும்.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

திருவருட்பயன் 100 குறட்பாக்களே கொண்டது. அதன் மூன்றாம் அதிகாரமாகிய இருள்மலநிலையை ஓர் உரையோடு மெதுவாகப் படியுங்கள். நோயில் இருப்பவர்களுக்கு அது கனமாகத் தோன்றினால், அச்சப்பத்தும் திருநீலகண்டப் பதிகமும் போதும். படிக்க இயலாத நிலையில் இருப்பவருக்கு ஒருவர் அருகில் அமர்ந்து படித்துக் காட்டலாம். அவர் வலியைப் பற்றிப் பேச விரும்பினால் புத்தகத்தை மூடிவிட்டு அதைக் கேளுங்கள்.